கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்லிச் சண்டை போட்டவள்

சலவை நிலையத்தில் அவளை எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாயைத் திறந்தால் நடுவில் எங்கேயும் நிற்க மாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது. கொடுத்தவள் அவளோடு விரிப்பு மடிக்கிற நெட்டை. நெட்டைக்கு ஏன் நெட்டை என்று பெயர் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தச் சலவை நிலையம். ஊரிலுள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். துவைத்த விரிப்பு, சூடான பெரிய உருளைகளுக்கு நடுவே நுழைந்து, சுருக்கம் போய் அப்பளமாக மறுபக்கம் வெளியே வரும். அதைப் பிடித்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்து, விலகிப் போய், மறுபடி நெருங்கி வரவேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருத்தி முகத்தை இன்னொருத்தி அத்தனை கிட்டத்தில் பார்க்கிற வேலை. ஒன்று சிநேகிதம் ஆகிவிடும், இல்லாவிட்டால் கொலை விழும். இவர்களுக்குச் சிநேகிதம் ஆனது.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நல்ல உயரம்தான். உன் முன்னாடி நின்னு நின்னுதான் குட்டையாயிட்டேன்" என்பாள் எக்ஸ்பிரஸ், கையைத் தலைக்கு மேலே தூக்கி மூலையை நீட்டியபடி.

"பேசாம மடிடி" என்பாள் நெட்டை. அவள் ஒரு நாளில் பேசுவதே அவ்வளவுதான். மீதியை எக்ஸ்பிரஸ் பேசிக்கொள்வாள்.

மூன்றாவது ஆள் வண்டிக்காரர். ஓட்டல்களிலிருந்து மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். மனைவி இறந்துபோய்ப் பல வருடமான மனிதர். இடைவேளையில் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டு இவர்களோடு டீ குடிப்பார். எல்லாருக்கும் அவர் 'அண்ணே', அவருக்கு எல்லாரும் 'அம்மா'. தலையணை உறைக்குள்ளிருந்து வந்த டிவி ரிமோட்டையும், விரிப்பில் சுருண்டு வந்த பல்செட்டையும் அவர்தான் ஓட்டலுக்குத் திருப்பிக் கொண்டு போவார். பல்செட்டுக்காரர் நன்றி சொன்னாரா என்று எக்ஸ்பிரஸ் கேட்டதற்கு, "சொன்னாரும்மா, போட்டுக்கிட்டு அப்புறம் சொன்னாரு" என்றாராம்.

எக்ஸ்பிரஸுக்கு இளவயதிலிருந்தே இருமுனை மனநிலைக் கோளாறு. பைபோலார் என்று டாக்டர் சொல்வார். "எனக்கு ரெண்டு மாடி இருக்கு, நடுவுல படிக்கட்டு கிடையாது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். மருந்து ஒழுங்காகப் போனால் வருடக்கணக்கில் சமதரையில் நடப்பாள். சில சமயம் மருந்தையும் மீறி மேலே ஏறிவிடும். அப்போது தூக்கம் தேவைப்படாது, சாப்பாடு தேவைப்படாது, அடுத்தவர் சம்மதமும் தேவைப்படாது. ஒரு தடவை அப்படி ஏறியபோது சலவை நிலையத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் நீச்சல் கற்றுத் தருவதாக முடிவு செய்து, ஆளுக்கொரு நீச்சல் தொப்பி வாங்கி வந்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. வண்டிக்காரர் அந்தத் தொப்பியை இன்றைக்கும் மழையில் மாட்டிக்கொண்டு போகிறார்.

ஏறியது இறங்கும். இறங்கினால் குளிப்பதுகூட மலை ஏறுகிற வேலையாகிவிடும். போன் அடித்து அடித்து ஓயும். ஏறியிருந்தபோது அவள் சொன்னதைக் கேட்டுச் சில சிநேகிதிகள் போனார்கள். இறங்கியிருந்தபோது அவள் ஒன்றுமே சொல்லாததால் சிலர் போனார்கள். நெட்டை மட்டும் இரண்டுக்கும் போகாமல் நின்றிருந்தாள், அந்தப் பிரிவு உபசார விருந்து வரை.

அது மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது கொடுத்த விருந்து. எக்ஸ்பிரஸ் அப்போது நன்றாக ஏறியிருந்தாள், யாரும் கவனிக்கவில்லை. கலகலப்பாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். மைக்கைப் பிடித்தவள் விடவில்லை. மேற்பார்வையாளரை வானளாவப் புகழ்ந்தாள். எப்பேர்ப்பட்ட நெருக்கடியிலும் கலங்காத மனிதர், இத்தனை வருடத்தில் அவர் தலையில் ஒரு முடி அசைந்து யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டாள். அவர் வைத்திருப்பது விக் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதையாக இருந்தது. எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அதோடு விட்டிருந்தால் சிரித்துத் தீர்ந்திருக்கும். அடுத்து நெட்டை பக்கம் திரும்பினாள்.

"இவ இங்கதான் ஊமை. வீட்டுக்குப் போனா டிவிகூடப் பேசிக்கிட்டு இருப்பா. பாவம், வேற யாரு இருக்கா அவளுக்கு?"

நெட்டை எழுந்து வெளியே போய்விட்டாள். அந்த வாரமே எக்ஸ்பிரஸை அவள் தம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

சில மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது, மனிதர்களைத் தவிர. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எல்லாரும் மரியாதையாகிவிட்டார்கள். உட்காருங்க என்றார்கள், சாப்டீங்களா என்றார்கள், தூக்காதீங்க நாங்க தூக்கறோம் என்றார்கள். அவளை விரிப்பு மடிப்பிலிருந்து எடுத்துத் தலையணை உறையில் போட்டிருந்தார்கள். "லேசான வேலைம்மா" என்றார் புது மேற்பார்வையாளர். தலையணை உறைக்கு ஒரு ஆள் போதும். எதிரே யாரும் நிற்க வேண்டியதில்லை.

நெட்டை வந்து, "உடம்பு எப்படி இருக்கும்மா?" என்றாள்.

எக்ஸ்பிரஸுக்கு அந்த 'ம்மா' சுருக்கென்று தைத்தது. 'டி' போட்டுப் பேசியவள் 'ம்மா'வுக்கு மாறினால் அது மரியாதையா? வீட்டு வாசலில் சங்கிலி மாட்டிவிட்டு, இடுக்கு வழியாக நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது. யாரும் அவளை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடவில்லை. கேலி செய்யவில்லை. அவள் இடைவேளையில் டீயோடு வந்தால், அதுவரை கேட்ட சிரிப்பு அடங்கிவிடும். வண்டிக்காரர் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது, அவருக்கு வானிலையில் அத்தனை ஈடுபாடு.

'என்னை வச்சு நாலு வார்த்தை கிண்டல் பண்ணக்கூட ஆளில்லாம போச்சே' என்று அவள் தலையணை உறைகளிடம் புலம்பினாள். மனதுக்குள்தான். வெளியே புலம்பினால் அதற்கும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஈர மூட்டை ஒன்று வந்தது. உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நெட்டை, வண்டிக்காரரைப் பார்த்து, "இங்க பாருங்க, அந்த மூட்டை சொட்டுது" என்றாள்.

எக்ஸ்பிரஸின் கை அப்படியே நின்றது.

இங்க பாருங்க? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டவள். அந்த 'அண்ணே' எங்கே போனது? அதைவிட, அவர் 'என்னம்மா' என்று கேட்கவில்லை. "ம்" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது குடித்தனம் நடக்கிற வீடுகளில் மட்டும் கேட்கிற 'ம்'. எக்ஸ்பிரஸின் தலைக்கு ஆயிரம் கோளாறு இருக்கலாம், காதுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் தம்பிக்குப் போன் போட்டாள். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான்.

"நெட்டைக்கும் வண்டிக்கார அண்ணனுக்கும் ஏதோ இருக்குடா."

"அக்கா, உனக்கு யாரு சொன்னா?" என்றான் தம்பி பதறிப்போய்.

ரகசியம் காக்க அவனைவிடத் தகுதியில்லாத ஆள் கிடையாது. எக்ஸ்பிரஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஓ. உனக்கும் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"நான்தான்கா சொல்ல வேணாம்னு சொன்னேன். அடுத்த மாசம் கல்யாணம். நீ அதிகமா சந்தோஷப்படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"தூக்கம் கெடக் கூடாதுன்னுதான்டா சொன்னாங்க. சந்தோஷப்படக் கூடாதுன்னு எந்த டாக்டராவது சொல்லுவாங்களா? நீயா மருந்து எழுத ஆரம்பிச்சுட்டியா?"

மறுநாள் இடைவேளையில், துண்டு அடுக்கி வைக்கிற அறைக்குள் நெட்டையை மடக்கினாள்.

"கல்யாணம் எப்போ?"

"யாருக்கு?" என்றாள் நெட்டை.

"எனக்கில்ல, அது எனக்குத் தெரியும்."

நெட்டை அடுக்கில் இருந்த துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். உனக்கு முடியாம இருந்துச்சு..."

"எனக்கு முடியலைன்னா உன் வாழ்க்கையில எதுவும் நடக்காதா? நல்லது நடந்தா சொல்ல மாட்டே, கெட்டது நடந்தாலும் சொல்ல மாட்டே. அப்புறம் நான் உனக்கு யாரு? பக்கத்து வார்டுல கிடக்கிறவளா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு ஏதாவது ஆயிடும்னா?"

"இல்லை" என்றாள் நெட்டை. "நீ மைக்கைப் பிடிச்சா எனக்கு என்ன ஆகும்னு."

எக்ஸ்பிரஸ் சிரித்துவிட்டாள். நெட்டை சிரிக்கவில்லை.

"டிவி பத்தி நான் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள். "யாருகிட்டயும் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்ட."

எக்ஸ்பிரஸுக்கு அந்த நாள் முழுதாக ஞாபகத்தில் இல்லை. துண்டு துண்டாக இருந்தது. ஆனால் எழுந்துபோன அந்த நீள முதுகு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோவு பேசினதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்" என்றாள். "ஆனா வாய் என்னோடதுதான். மன்னிச்சுக்கோ."

"உன்னை நல்லாத் திட்டணும்னுதான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ வாடிப் போய்ப் படுத்திருந்த. எப்படித் திட்டறது? அதுக்கப்புறம் எதுவுமே பேச வரலை."

"அதான் இந்த 'ம்மா'வா?"

நெட்டை தலையாட்டினாள்.

"இப்பத் திட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன். டாக்டர்கிட்டக் கேட்டு வேணும்னா எழுதி வாங்கிட்டு வரேன்."

நெட்டை திட்டினாள். வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள் போல. டிவியில் தொடங்கி, நீச்சல் தொப்பிக்குப் போய், எடுக்காத போன்கள், திறக்காத கதவு, மழையில் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப்போன நாள் என்று ஒன்று விடவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வண்டிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இவ்வளவு நீளமான குரல் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். முகம் லேசாக வெளுத்திருந்தது.

எக்ஸ்பிரஸ் அவரைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கண்ணே. இத்தனை வருஷம் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டே உங்களைக் கவுத்துட்டாளே! இனிமே நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"அண்ணன்னே இருக்கட்டும்மா."

"அப்ப இவ எனக்கு அண்ணியா? ஐயோ, இவளுக்கு மரியாதை குடுக்கணுமா நானு?"

"எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு" என்றாள் நெட்டை. மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே சில விஷயங்களைப் பேசி முடித்தார்கள்.

"நான் மேல ஏறறேன்னு தெரிஞ்சா மறைக்காம சொல்லிடு" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"சொன்னாக் கேப்பியா?"

"கேக்க மாட்டேன். எரிஞ்சு விழுவேன். நீ என் தம்பிக்குப் போன் பண்ணிடு. அதுக்காக உன்கூடப் பேச மாட்டேன். அப்புறம் பேசிடுவேன்."

"கீழ போனா?"

அதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். "பதில் போட மாட்டேன். அதுக்காக நீ நிறுத்திடாத. ஆனா கேள்வி கேட்டு அனுப்பாத. கேள்வின்னா பதில் சொல்லணும், அதுக்கே பயமா இருக்கும். சும்மா ஏதாவது சொல்லு. என்ன நடந்துச்சு, மூட்டையில என்ன வந்துச்சு, அந்த மாதிரி."

"நானா? பேசறதா?"

"ஆமா. இத்தனை வருஷம் உன் பங்கையும் சேர்த்து நான் பேசலையா?"

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, சிநேகிதி கல்யாணத்துக்கு எவ்வளவு சந்தோஷப்படலாம் என்று கேட்டாள். சரியான நேரத்துக்குப் படுத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் என்றார் டாக்டர். எக்ஸ்பிரஸ் நல்ல பிள்ளையாகப் படுத்தாள். நெட்டைக்குத் துணி எடுக்கக் கூடப் போனாள். எதை எடுத்தாலும் கணுக்காலுக்கு மேலே நின்றது. "ஜன்னல் திரை விக்கிற கடைக்குப் போயிருக்கலாம்" என்றாள். கடைக்காரரே சிரித்துவிட்டார். கல்யாணம் பதிவு அலுவலகத்தில், பிறகு சின்ன விருந்து. மைக் கிடையாது என்று நெட்டை இரண்டு தடவை சொன்னாள்.

எல்லாரும் மேல்மாடியையே காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் தம்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். ஆனால் வந்தது கீழ்ப்பக்கமாக வந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே பேச்சு குறைந்திருந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலை தம்பி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்தான். அலமாரிக் கதவில் புதுத்துணி தொங்கியது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று வெறுங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"கிளம்பலையாக்கா?"

"முடியலைடா."

"சும்மா வந்து உட்கார்ந்துட்டு வந்துடலாம்."

"இந்தச் செருப்பைப் போடறதுக்கே முடியலை" என்றாள். குரலில் எதுவும் இல்லை. அழுகைகூட இல்லை.

முன்பென்றால் இந்த இடத்தில் போனை அணைத்துவிடுவாள். அப்புறம் வெட்கம் வரும். வெட்கத்தால் இன்னும் கொஞ்ச நாள் அணைத்தே கிடக்கும். அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வெறுத்துப் போயிருப்பார். அன்று அவள் போனைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தம்பி காரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோதும் தட்டிக்கொண்டிருந்தாள்.

'வர முடியல. கீழ போயிட்டேன். பத்திரமா இருக்கேன். தம்பி கூட இருக்கான். நீ போய்க் கையெழுத்துப் போடு.'

உடனே பதில் வந்தது. 'சரி.' கொஞ்சம் விட்டு இன்னொன்று. 'கூப்பிடலைன்னு சண்டை போட்டது நீதானே.' அப்புறம் ஒன்று. 'நீ வரலைன்னா மைக் வச்சிருக்கலாம் போல. தைரியமா.'

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கடைசியாக வந்ததை இரண்டு தடவை படித்தாள் என்று தம்பி பிறகு நெட்டையிடம் சொன்னான்.

டாக்டர் மருந்தை மாற்றினார். அது பிடிப்பதற்கு வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் நெட்டை தகவல் அனுப்பினாள். கேள்வியே கிடையாது. 'இன்னைக்கு ஒத்தைக் கொலுசு வந்துச்சு.' 'மழை.' 'இவர் குறட்டை விடறார். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லவே இல்லை.' 'உருளை ரிப்பேர், எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கோம்.' வாழ்க்கையில் அவள் அத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசியதில்லை. எக்ஸ்பிரஸ் எதற்கும் பதில் போடவில்லை. போட முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் புதுத் தம்பதி வந்தார்கள். எக்ஸ்பிரஸ் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. வண்டிக்காரர் சமையலறையில் குவிந்திருந்த பாத்திரங்களைக் கழுவப் போனார். நெட்டை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவியைப் போட்டாள். ஏதோ ஒரு தொடர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அவனை நம்பாதடி. நம்பாத. போச்சு. கையெழுத்துப் போட்டுட்டா மூதேவி."

எக்ஸ்பிரஸ் திரும்பிப் பார்த்தாள். நெட்டை டிவியோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் புருசன் இருக்கிறார், கதவு திறந்திருக்கிறது, வெட்கமே படவில்லை. எக்ஸ்பிரஸ் கண்ணை மூடவில்லை. படுத்தபடியே தொடரைப் பார்த்தாள். விளம்பரம் வந்தபோது, "அவ யாரு?" என்று கேட்டாள். அந்த மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அவன் அக்கா. அவதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள் நெட்டை, திரும்பாமலே.

வேலைக்குத் திரும்பியதும் எக்ஸ்பிரஸ், விரிப்பு மடிப்புக்கே போவேன் என்று மேற்பார்வையாளரிடம் அடம் பிடித்து வாங்கிக்கொண்டாள். கல்யாணத்தைப் பார்க்காதவள், கல்யாணப் போட்டோக்களைப் பார்த்துக் குறை சொன்னதற்கு அளவே இல்லை. அண்ணனுக்கு அந்தச் சட்டை எடுத்துக் கொடுத்தது யார் என்று விசாரணையே நடத்தினாள். "வந்து தடுத்திருக்க வேண்டியதுதானே" என்றாள் நெட்டை. அந்த ஒரு பதிலை அவள் வருடம் முழுக்க வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் எடுத்து வீசினாள்.

மறு வருடம் எக்ஸ்பிரஸ் ஒரு தடவை ஏறினாள். விரிப்பில் பாராசூட் தைக்கலாம் என்று அவள் ஆரம்பித்ததுமே நெட்டை, "மேல போறடி" என்றாள். எக்ஸ்பிரஸ் எரிந்து விழுந்தாள், பொறாமை என்றாள், துரோகி என்றாள். நெட்டை வெளியே போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். சீக்கிரம் பார்த்ததால் இந்தத் தடவை ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. சொன்னபடியே அவள் நெட்டையோடு பேசவில்லை. பேசாமல் விரிப்பு மடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "நீ எப்படித்தான் வருஷக்கணக்கா இப்படி இருந்தியோ" என்றுதான் மறுபடி பேச்சை ஆரம்பித்தாள்.

போன மாதம் நெட்டைக்கு முட்டியில் ஆபரேஷன். வண்டிக்காரர் ஓட்டல்களுக்கு வேன் எடுத்துப் போக வேண்டியிருந்ததால் பகலில் எக்ஸ்பிரஸ்தான் விடுப்புப் போட்டுக் கூட இருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் நெட்டையின் காலை அளந்து ஆபரேஷன் செய்ய டாக்டருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதிலிருந்து, பல்செட்டு வந்த கதை வரை எல்லாம் சொல்லி முடித்தாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ், "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நிறுத்தேன்டி" என்றாள் நெட்டை, மயக்கம் தெளியாத குரலில்.

எக்ஸ்பிரஸ் நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், ஜன்னல் பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அறை அமைதியாக இருந்தது. நெட்டை ஒரு கண்ணை மட்டும் திறந்து தேடினாள்.

"போயிட்டியோன்னு பார்த்தேன்."

"போகலாம்னா இப்ப பஸ் இல்ல" என்றாள் எக்ஸ்பிரஸ்.